புண்ணும் பேயும்: சத்திரசிகிச்சைத் தொற்றின் சமூக அடிப்படை

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணைக்குக் கூறும் துறைகளுள் ஒன்று ‘தொடாக்காஞ்சி’ ஆகும். போரிலே புண்பட்டு வீழ்ந்த கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி அருகிருந்து காத்து நிற்பதே இத்துறையின் பொருள். அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் செய்யுள் இக்காவலை விரிவாகக் காட்டுகின்றது. மனையிலே வேப்பிலை செருகப்படுகின்றது, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, நறும்புகை எழுப்பப்படுகின்றது, யாழும் குழலும் மணியும் ஒலிக்கின்றன. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திலே பரணர், நெடிய ஊசியினால் தைக்கப்பட்ட வீரரின் மார்புத் தழும்பைப் பாடுகின்றார். எனவே புண்ணைத் தைக்கும் தொழில்நுட்பம் அச்சமுதாயத்திலே வழக்கிலிருந்தது எனலாம்.

தைக்கத் தெரிந்த சமுதாயம் தைத்த பின்னரும் ஏன் பேய்க்கு அஞ்சியது என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும். வாளால் வெட்டுண்டவன் வெட்டுண்ட அன்றே இறவாது, நான்காம் நாளிலோ பத்தாம் நாளிலோ காய்ச்சல் கண்டு, பிதற்றி, புண் நாறி இறந்தான். புண்ணுக்கும் சாவுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று வந்து சேர்வதை அம்மக்கள் அவதானித்தனர். அவதானம் சரியானதே. அதற்கு விளக்கம் தருவதற்கு வேண்டிய கருவிகளும் உற்பத்தி வளர்ச்சியும் அன்று இருக்கவில்லை. ஆகவே வந்து சேர்ந்ததனைப் பேய் என்றனர்.

இன்று அப்பேயின் பெயர்களை நாம் அறிவோம். ஆயினும், சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களிலே தையல் பழுத்துக் காய்ச்சல் கண்ட நோயாளியைச் சூழ்ந்து நிற்கும் உறவினரின் பேச்சைக் கேட்போர், விளக்கம் இன்னும் பெரிதும் மாறிவிடவில்லை என்பதை உணர்வர். ‘அவளுடைய உடம்புவாசி அப்படி’ என்பர்; ‘விதி’ என்பர்; சிலவேளைகளில் ‘மிஸி கவனிக்கவில்லை’ என ஒரு தனியாளைச் சுட்டுவர். மருத்துவமனையிலே பெறப்படும் தொற்று யாது, அது எவரை, எவ்வெவ் நிலைமைகளிலே பற்றுகின்றது என்பவற்றை எளிமையாக விளக்குவதோடு, மேற்கூறிய மூன்று விளக்கங்களும் எதனை மறைக்கின்றன என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் மருத்துவர் அல்லோம், இலக்கிய மாணவர். எனினும் ஒரு சமூகம் தன் துன்பத்துக்கு எக்காரணத்தைக் கற்பிக்கின்றது என்பது கருத்தியல் சார்ந்த விடயமாதலின், அது எமது ஆய்வெல்லைக்குள்ளும் வருவதே.

1. தீட்டும் தொற்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வியன்னாப் பொது மருத்துவமனையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றிலே மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றதிலே மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1841 முதல் 1846 வரையான காலப்பகுதியில் முதற்பிரிவிலே நூறு தாய்மாருக்குப் பத்துப்பேர் வரையில் இறந்தனர். இரண்டாம் பிரிவிலே நால்வர் வரையில் இறந்தனர். இவ்வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்கள் மருத்துவர்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர். முதற்பிரிவுக்கு அனுப்பவேண்டாம் என அவர்கள் மன்றாடினர்.

அங்கு பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைக் கண்டறிந்தார். பிணப்பரிசோதனை செய்த கையோடு மருத்துவரும் மாணவரும் பிரசவ விடுதிக்கு வந்தனர். மருத்துவிச்சிகளோ பிணங்களைத் தொடுவதில்லை. 1847ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகழுவுதலை அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, யூனில் இரண்டளவுக்கு இறங்கிற்று. ஆயினும் அக்கால மருத்துவ உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. கனவான்களின் கைகளே கொலைக்குக் காரணம் என்ற முடிவை அவர்களின் வர்க்கநிலை ஏற்கவிடவில்லை என்பது அம்மறுப்புக்குரிய காரணங்களுள் முக்கியமான ஒன்றாகும். செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியொன்றிலே, புண்ணில் ஏற்பட்ட தொற்றினாலேயே இறந்தார்.

இவ்வரலாறு தமிழர்க்கு உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. ‘துடக்கு’, ‘தீட்டு’ என்னும் கருத்துகள் எமது சமூகத்திலே ஆழ வேரூன்றியவை. தீட்டு என்பது பிறப்பை நோக்குவது. சிலரைப் பிறவியிலேயே அசுத்தராகவும் சிலரைப் பிறவியிலேயே சுத்தராகவும் வகுப்பது. தொற்று என்பது செயலை நோக்குவது. வியன்னாவிலே சமூகப்படியில் உயர்ந்தோரின் கைகள் சாவைக் காவின. தாழ்ந்தோராகக் கருதப்பட்ட மருத்துவிச்சிகளின் கைகளிலே அச்சாவு குறைவாக இருந்தது. கிருமிக்குச் சாதியும் பட்டமும் தெரியா. தீட்டுக் கொள்கையிலே ஊறிய ஒரு மனம், துப்புரவு செய்யும் தொழிலாளியை விலக்கி நிறுத்திவிட்டுத் தன் கையைக் கழுவாதிருக்கக் கூடும். தீட்டுணர்வு மிகுந்த சமூகம் இயல்பாகவே சுகாதாரம் மிகுந்தது என்ற பெருமை இதனாலேயே அடிப்படையற்றதாகின்றது.

இதே 1847ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் மானிப்பாயிலே தமிழ்மொழி மூலம் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்த அவரது முயற்சியால், ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் கிளாஸ்கோவிலே பணியாற்றிய யோசப் லிஸ்ரர், பாஸ்ரரின் ஆய்வுகளை அடியொற்றித் தாம் கார்பொலிக் அமிலத்தைப் புண்களுக்குப் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்த ஆண்டும், சத்திரசிகிச்சை புதிய யுகத்தினுள் நுழைந்த ஆண்டும் ஒன்றாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

2. தொற்று நிகழும் முறை

நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது உடலில் இல்லாதிருந்து, அங்கு பெற்ற பராமரிப்பின் விளைவாக உண்டாகும் தொற்றையே மருத்துவமனைசார் தொற்று என்பர். சத்திரசிகிச்சை பெற்றோரிடை இது நான்கு வழிகளிலே பெரிதும் காணப்படும்: வெட்டப்பட்ட இடத்திலே ஏற்படும் தொற்று, சிறுநீர்க் குழாய் வழித்தொற்று, செயற்கைச் சுவாசக் கருவியை அடுத்து வரும் நுரையீரல் அழற்சி, நாளங்களிலே செருகப்பட்ட குழாய்வழி குருதியை அடையும் தொற்று. இவற்றுள் வெட்டுத்தொற்று, சத்திரசிகிச்சை நிகழ்ந்து முப்பது நாட்களுக்குள் வெளிப்படுமாயின் அச்சிகிச்சையோடு தொடர்புடையதாகவே கணிக்கப்படும். செயற்கை மூட்டு போன்ற பொருள் உடலில் வைக்கப்பட்டிருப்பின் இக்காலம் மேலும் நீளும்.

தொற்றை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேற்றுலகத்திலிருந்து வருவன அல்ல. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெபிலோகொக்கஸ், குடலில் வாழும் எஸ்செரிக்கியா கோலி முதலியன நோயாளியின் உடலிலேயே உள்ளன. தோல் என்னும் மதில் அறுபடும்போது அவை புகக்கூடாத இடத்திற் புகுகின்றன. இவற்றோடு மருத்துவமனைச் சூழலிலே நிலைகொண்ட சியூடோமோனாஸ், அசினெற்றோபக்ரர் போன்றனவும் உள. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் அளவிறந்து வழங்கப்படும் இடங்களிலே அம்மருந்துகளை வென்று வாழக் கற்றவையே எஞ்சிப் பெருகும். மெதிசிலினை எதிர்க்கும் ஸ்டெபிலோகொக்கஸ் 1961இலேயே பிரித்தானியாவில் அறியப்பட்டுவிட்டது.

3. இடர்க்காரணிகள்

யாருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதி என்ற வினாவுக்கு மருத்துவ நூல்கள் நீண்டதொரு பட்டியலைத் தருகின்றன. அதனை மூவகையாகப் பகுத்து நோக்குதல் தெளிவு தரும்.

முதலாவது, நோயாளியின் உடலைச் சார்ந்தவை. முதுமை, கட்டுப்படாத நீரிழிவு, போசாக்கின்மை, மிகையான உடற்பருமன், புகைத்தல், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், உடலின் வேறோரிடத்தில் ஏற்கெனவே உள்ள தொற்று என்பன இவ்வகையின.

இரண்டாவது, சத்திரசிகிச்சையின் தன்மையைச் சார்ந்தவை. வெட்டப்படும் இடம் சுத்தமானதா, குடல் போன்ற உறுப்புத் திறக்கப்படுகின்றதா, ஏற்கெனவே சீழ் கொண்டதா என்பதைப் பொறுத்துத் தொற்றின் அளவு பெரிதும் மாறும். கனடாவின் கல்கரி நகரில் குறூஸ், போர்ட் என்னும் இருவர் பத்தாண்டுகளாக 62,939 புண்களைத் தொடர்ந்து நோக்கி 1980இல் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாக்கின: சுத்தமான புண்களில் நூற்றுக்கு 1.5, சீழ்கொண்ட அழுக்குப் புண்களில் நூற்றுக்கு 40. சிகிச்சை நீடிக்க நீடிக்க இடரும் வளரும். அவசர சிகிச்சை, திட்டமிட்ட சிகிச்சையிலும் இடர் மிக்கது.

மூன்றாவது, மருத்துவமனையின் நடைமுறையைச் சார்ந்தவை. கைகழுவுதல், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல், சத்திரசிகிச்சைக்கூடத்தின் காற்றோட்டம், கட்டு மாற்றும் முறை என்பன இதனுள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, காப்புக்காகக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்து கீறலுக்கு முன்னரான 120 நிமிடங்களுக்குள் கொடுக்கப்படல் வேண்டும். சிகிச்சை முடிந்த பின் அதனைப் பல நாள் நீடிப்பதாற் பயனில்லை. மயிரைச் சவர அலகினால் மழித்தல் தோலிலே நுண்ணிய காயங்களை உண்டாக்கி இடரைக் கூட்டுமாதலின் அதுவும் விலக்கப்பட்டுள்ளது.

இப்பட்டியலை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். முதலாம் வகையிலே ‘உடல்’ எனக் கூறப்படுவனவற்றுட் பல, உண்மையிலே ஒருவரது வாழ்க்கை நிலைமைகள் உடலிலே எழுதிவைத்த குறிப்புகளாகும். கொட்டாஞ்சேனையிலே துறைமுகத்தை நம்பி வாழும் நாட்கூலித் தொழிலாளி ஒருவர் குடலிறக்கத்தைப் பலகாலம் பொறுத்துக்கொண்டு, அது இறுகிய பின்னரே மருத்துவமனைக்கு வருவாராயின், திட்டமிட்டுச் செய்யத்தக்க சுத்தமான சிகிச்சை அவசர சிகிச்சையாக மாறிவிடுகின்றது. ஏட்டிலே ‘அவசரம்’ என்று பதியப்படுவதன் பின்னால் இழக்க இயலாத ஒரு நாட்கூலி நிற்கின்றது. காத்திருப்பும் அவ்வாறானதே. மேற்கூறிய கல்கரி ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஒருநாள் மட்டும் மருத்துவமனையிலே தங்கியோரிடை நூற்றுக்கு 1.2 ஆக இருந்த தொற்று, இருவாரத்துக்கு மேல் தங்கியோரிடை 3.4 ஆக இருந்தது. எத்தனை நாள் தங்குவது என்பதை நோயாளி தீர்மானிப்பதில்லை. சத்திரசிகிச்சைக்கூடங்களின் எண்ணிக்கையும், மயக்க மருத்துவர்களின் எண்ணிக்கையும், காத்திருப்போரின் வரிசையுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

உலகளாவிய புள்ளிவிபரங்களும் இதனையே உணர்த்துகின்றன. 66 நாடுகளிலே வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 12,539 நோயாளரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, மனித அபிவிருத்திச் சுட்டெண் உயர்ந்த நாடுகளில் நூற்றுக்கு 9.4 பேருக்கும், இடைநிலை நாடுகளில் 14 பேருக்கும், தாழ்ந்த நாடுகளில் 23.2 பேருக்கும் வெட்டுத்தொற்று ஏற்பட்டதாகக் காட்டிற்று. நோயாளியின் உடல்நிலை, சிகிச்சையின் தன்மை முதலியவற்றின் செல்வாக்கைக் கணித்துக் கழித்த பின்னரும் தாழ்ந்த நாடுகளின் கூடுதல் இடர் எஞ்சியே நின்றது.

4. கொழும்பு, 2005

மேற்கூறியவற்றுக்கு எமது நகரிலேயே துயரமான சான்றொன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, கொழும்பில் முள்ளந்தண்டு வழியாக விறைப்பு மருந்து ஏற்றப்பட்டுச் சிசேரியன் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற ஐந்து பெண்கள் மூளைய மென்சவ்வு அழற்சிக்கு உள்ளாயினர். மூவர் இறந்தனர். காரணமான உயிர் அஸ்பேர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம். மண்ணிலும் ஈரச் சுவரிலும் எங்கும் பரந்துள்ள அப்பூஞ்சணம், நோயெதிர்ப்பு மிகக் குன்றியோரையே வழக்கமாகத் தாக்கும். இப்பெண்களோ நோயெதிர்ப்புக் குன்றாத இளந் தாய்மார். உடல்சார்ந்த இடர்க்காரணிகளின் பட்டியலை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அவர்களின் சாவுக்கு அங்கே விடை கிடையாது.

விடை பொருட்களஞ்சியத்திலே இருந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின், வெளிநாடுகளிலிருந்து நன்கொடையாக மருத்துவப் பொருட்கள் பெருந்தொகையாக வந்து குவிந்தன. அவற்றை வைப்பதற்கு ஏற்ற உலர்ந்த, ஒழுங்கான களஞ்சிய வசதி போதவில்லை. நெருக்கடிமிக்க, ஈரலிப்பான நிலைமைகளிலே ஊசிக்குழாய்கள் வைக்கப்பட்டிருந்தன. களஞ்சியப் பொருட்களைப் பரிசோதித்தபோது அவற்றிலே அப்பூஞ்சணம் இருந்தமை கண்டறியப்பட்டது. இந்நிகழ்வை ஆராய்ந்த மருத்துவர்கள் இதனை ஆழிப்பேரலையின் தொலைவிளைவாக நோக்கி உலக மருத்துவ ஏடுகளிலே எழுதினர்.

இங்கே எந்தத் தாதியின் கை கழுவப்படாதிருந்தது என்று தேடுவதிலே பொருளில்லை. ஊசியைப் பிடித்த கை சுத்தமாயிருந்திருக்கலாம். முதுகின் தோல் முறைப்படி துடைக்கப்பட்டிருந்திருக்கலாம். பொதி திறக்கப்படுமுன்னரே ஆபத்து அதனுள் இருந்தது. நன்கொடையின் பெருக்கு, களஞ்சியத்தின் போதாமை, பரிசோதனையின் இன்மை என்னும் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலேதான் சத்திரசிகிச்சைக்கூடம் இருந்தது.

இது ஒருமுறை நிகழ்ந்து மறைந்த விபத்தன்று. 2023 ஏப்ரலில் நுவரெலியா முதலிய இடங்களிலே கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோர் சிலருக்குக் கண்ணிலே கடுமையான பாதிப்பு உண்டாயிற்று. சிலரின் பார்வை பறிபோயிற்று. சிகிச்சைக்குப் பின் இடப்பட்ட, இறக்குமதி செய்யப்பட்ட பிரெட்னிசலோன் கண்சொட்டு மருந்தே காரணமெனக் கொள்ளப்பட்டு அது மீளப்பெறப்பட்டது. அதற்கு முந்திய 2022ஆம் ஆண்டிலே நாடு அந்நியச் செலாவணி நெருக்கடிக்குள் வீழ்ந்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா மருத்துவமனையிலே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் சிறிதுகாலம் நிறுத்தப்பட்டன. கொள்வனவின் ஒழுங்கும் தரக்கட்டுப்பாடும் நோயாளியின் குருதியோடு நேரே தொடர்புடையவை என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா. இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இலே நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற்றலைவரான அவர், மருந்தினைத் தேவையும் தரமும் நோக்கி மையமாகக் கொள்வனவு செய்யும் கொள்கையை வகுத்தார். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் அக்கொள்கையின் பிடியைத் தளர்த்திற்று.

5. மறைந்து நிற்கும் உழைப்பு

தொற்றுத் தடுப்பின் வரலாற்றிலே அறிஞரின் பெயர்கள் நிலைத்துள்ளன. அதனை நாள்தோறும் நிகழ்த்துவோரின் பெயர்கள் எங்கும் இல்லை. கருவிகளைக் கழுவி நீராவியில் அவிக்கும் தொழிலாளி, தரையைத் துடைக்கும் சிற்றூழியர், துணி வெளுப்போர், குப்பை காவுவோர் ஆகியோரின் உழைப்பின் மீதே அறுவை மேசை நிற்கின்றது. கொழும்பு மாநகரின் துப்புரவுக்கென ஒடுக்கப்பட்ட சாதியினரான தென்னிந்தியத் தொழிலாளரைக் குடியேற்றவாத ஆட்சி கொண்டுவந்தமை நாம் அறிந்ததே. இன்று பல மருத்துவமனைகளிலே துப்புரவு ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளது. குறைந்த கூலியும் நிரந்தரமின்மையும் பயிற்சியின்மையும் உள்ள இடத்திலே, அடிக்கடி மாறும் தொழிலாளரிடம் நுண்மையான ஒழுங்கை எதிர்பார்த்தல் இயலாது. இரத்தம் தோய்ந்த ஊசி முதலிற் குத்துவதும் அவர்களின் கையிலேயே.

தாதியரின் நிலையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. கட்டிலுக்கு ஒருவரும் கட்டில்களுக்கிடையே பாயில் ஒருவருமாக நோயாளர் நிறைந்த விடுதியிலே, ஒவ்வொருவரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைசுத்தம் செய்வதற்கு வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போமாயின், விதியைக் கைக்கொள்ளாமைக்கும் ஆட்பற்றாக்குறைக்கும் உள்ள தொடர்பு விளங்கும். நாம் தனியாளின் பொறுப்பை மறுக்கவில்லை. நேரமும் நீரும் கையுறையும் உள்ள இடத்திலே கைகழுவாதிருத்தல் குற்றமே. ஆனால் அவ்விடத்தை ஆக்கித்தரும் பொறுப்பு தனியாளுடையதன்று. அவ்வாறு ஆக்கினாற் பயனுண்டு என்பதும் நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்து 1985இல் வெளியான பேராய்வொன்று, முறையான கண்காணிப்பும் கட்டுப்பாட்டுத் திட்டமும் உள்ளவிடத்து இத்தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றிலொன்றைத் தவிர்க்கலாம் எனக் கண்டது. தவிர்க்கக் கூடியதனை விதி எனல் ஆகாது.

6. முப்பது நாட்களும் மொழியும்

வெட்டுத்தொற்று முப்பது நாட்களுக்குள் வெளிப்படலாம் என்றோம். இன்று நோயாளர் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். ஆகவே அம்முப்பது நாட்களின் பெரும்பகுதி வீட்டிலே கழிகின்றது. வெள்ளவத்தையின் மாடிவீடொன்றிலே தனிக் குளியலறையோடு கழியும் முப்பது நாட்களும், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றிலே பலகுடும்பங்கள் பங்கிடும் குழாயடியிற் கழியும் முப்பது நாட்களும் ஒன்றல்ல.

வீட்டிலே தொற்றை அடையாளங் காண்பதற்கு அறிவுரை வேண்டும். அறிவுரை விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். மருத்துவமனையை விட்டு நீங்கும்போது கையளிக்கப்படும் நோய்நிர்ணய அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலே எழுதப்படுகின்றது. வாய்மொழி அறிவுரை கொழும்பிலே பெரிதும் சிங்களத்தில் அமைகின்றது. தமிழும் அரசகரும மொழி என 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் கூறியபோதும், விடுதி வாசலிலே அவ்வேற்பாடு நோயாளியை எப்போதும் வந்தடைவதில்லை. விளங்காத அறிவுரையோடு வீடு செல்லும் தாய், தையலோரம் சிவந்து வீங்குவதையோ, சீழ் கசிவதையோ, நோவு குறையாது கூடுவதையோ, காய்ச்சலையோ ‘மாறிவிடும்’ எனப் பொறுத்திருப்பாள். அன்றி மருந்துக்கடையிலே நுண்ணுயிர்கொல்லி சில குளிசைகளைத் தானே வாங்கி விழுங்குவாள். முன்னையது காலத்தைக் கடத்தும்; பின்னையது மருந்தை எதிர்க்கும் கிருமிகளை வளர்க்கும். இடர்க்காரணிகளின் பட்டியலிலே மொழியும் ஒன்றாக எழுதப்படல் வேண்டும் என நாம் கருதுவது இதனாலேயே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சத்திரசிகிச்சைத் தொற்று உடலிலே நிகழினும் அதன் காரணங்கள் உடலுக்கு வெளியே, களஞ்சியத்திலும் கூலியிலும் காத்திருப்போர் வரிசையிலும் மொழியிலும் பரந்து கிடக்கின்றன என்பது பெறப்படும். இரத்த வெல்லத்தைக் கட்டுப்படுத்தலும் புகைத்தலை விடுதலும் நோயாளி செய்யத்தக்கன, அவை வேண்டியனவே. களஞ்சியத்தை உலரவைத்தலும், தொழிலாளருக்கு நிரந்தர வேலை வழங்கலும், ஆட்பலத்தைக் கூட்டலும், தொற்றுகளை எண்ணி வெளிப்படையாக அறிவித்தலும் சமூகமும் அரசும் செய்யவேண்டியன. முன்னதை மட்டும் வலியுறுத்திப் பின்னதை மறைக்கும் விளக்கம், அறிவியலின் மொழியிலே பேசினும் விதிக்கொள்கையின் மறுபதிப்பே.

தமிழ் மாணவர் உடனே செய்யக்கூடிய பணியும் ஒன்றுண்டு. மருத்துவபீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் கூடி, சத்திரசிகிச்சை பெற்று வீடு செல்வோருக்கென ஒரு பக்க அளவிலான தமிழ் அறிவுரைத் தாளொன்றை ஆக்கலாம். புண்ணைத் தொடுமுன் கைகழுவுக, கட்டினை நனையவிடாதீர், இன்ன குறிகள் தோன்றின் இத்தனை நாளாயினும் பொறாது மீண்டும் வருக, எஞ்சிய குளிசையைப் பிறர்க்குக் கொடாதீர் என்பன போன்ற சில வாக்கியங்களே அதற்குப் போதும். கிறீன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகப் பெருநூல்களைத் தமிழாக்கினார். நாம் ஒரு தாளையாவது எழுதுதல் தகும். தொடாக்காஞ்சி பாடிய காலத்திலே புண்பட்டவனைக் காக்கும் பொறுப்பு முழுவதும் ஒரு பெண்ணின் கண்விழிப்பின் மீது சுமத்தப்பட்டிருந்தது. அக்காவலை ஒரு சமூகத்தின் ஒழுங்கமைந்த கூட்டுழைப்பாக மாற்றுவதற்கு வேண்டிய அறிவு இன்று எம்மிடம் உண்டு.